அலியா, டைசனா... மாமல்லனா? தறி மேடையில் ஒரு ஹெவிவெயிட் சண்டை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கோர்வைக்கு நாடா தள்ளிக் கொடுக்க வேண்டிய பேரன், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு யூடியூபில் மைக் டைசன் அடித்த நாக் அவுட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"தாத்தா, டைசன் மட்டும் அந்தக் காலத்துல இருந்திருந்தா, உங்க அலி மூணு ரவுண்டுகூட நின்னிருக்க மாட்டாரு."

"போடா! அலி ஒரு இடத்துல நின்னாத்தானே உன் ஆளு அடிக்கறதுக்கு?"

அவ்வளவுதான். அன்றைக்கு நாடாவும் ஓடாது, புடவையும் நகராது. எம்.எஸ்.ஸா பட்டம்மாளா, சிவாஜியா கமலா, கபில்தேவா பும்ராவா என்று நாம் பேசாத சண்டையா? ஆனால், இந்த வகைச் சண்டைகளுக்கெல்லாம் ராஜா ஹெவிவெயிட் குத்துச்சண்டைதான். கிரிக்கெட்டில் ரன் கணக்கு, சராசரி என்று எதையாவது காட்டித் தப்பித்துவிடலாம். இங்கே இரண்டு பேர், நான்கு கயிறு. ஒருவர் விழ வேண்டும். யார்?

இந்தக் கேள்வியை ஒருமுறை மனிதர்களிடமிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டரிடமே கொடுத்துப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

அமெரிக்காவில் முர்ரே வொரோனர் என்றொரு வானொலித் தயாரிப்பாளர். 1967-ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களையும் மோதவிட்டால் என்ன? குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் சக்தி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். அது கக்கிய முடிவை வைத்து நேர்முக வர்ணனை எழுதி, நிஜப் போட்டி நடப்பதுபோலவே வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

இறுதிப்போட்டியில் ராக்கி மார்சியானோ, ஜாக் டெம்ப்ஸியை 13-வது ரவுண்டில் வீழ்த்தினார். அது பெரிய பிரச்னை இல்லை. முகமது அலி, காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. ஜெஃப்ரீஸ் யார் தெரியுமா? 1910-ல், முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனைத் தோற்கடித்து 'வெள்ளையர் மானத்தை'க் காப்பாற்றுவதற்காக ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்டு, அவரிடமே அடிபட்டுத் தோற்றவர். அவரிடம் போய் அலி தோற்பதா? அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

அப்போது அலியின் நிலைமை வேறு. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-ல் பட்டத்தைப் பறித்திருந்தார்கள். எந்த மாநிலமும் அவருக்கு உரிமம் கொடுக்கவில்லை. பணமுடை வேறு. 'வழக்கை விடுங்கள், மார்சியானோவுடன் ஒரு படத்தில் நடியுங்கள், அந்தச் சண்டையின் முடிவையும் கம்ப்யூட்டரே சொல்லட்டும்' என்றார் வொரோனர். அலியும் ஒப்புக்கொண்டார்.

1969-ல் மயாமியில் படப்பிடிப்பு. அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வுபெற்று 13 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. படத்துக்காக 20 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். ஒரு நிமிட ரவுண்டுகளாக 70-க்கும் மேல் எடுத்துத் தள்ளினார்கள். எல்லா வகை முடிவுகளையும் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள். உண்மையில் யார் ஜெயிக்கப்போகிறார் என்பது நடித்த இருவருக்குமே தெரியாது!

மார்சியானோவுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

1970 ஜனவரி 20 இரவு படம் தியேட்டர்களில் ஓடியது. 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்து ஜெயித்தார். அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில்தான் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது. ஐரோப்பாவில் திரையிட்ட பிரதியிலோ முடிவு வேறு. அங்கே மார்சியானோவின் முகத்தில் காயம்பட்டு, அலி ஜெயித்ததாகக் காட்டினார்களாம்.

ஒரே சண்டை. ஊருக்கு ஊர் ஒரு வெற்றியாளர். கேட்க வேடிக்கையாக இருக்கிறதல்லவா? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. இதே கதை அவர்கள் ஊரில் 1,400 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது.

காஞ்சியின் ஹெவிவெயிட்

ஏழாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவின் இரண்டு ஹெவிவெயிட்கள், வாதாபிச் சாளுக்கியர் இரண்டாம் புலிகேசியும் காஞ்சிப் பல்லவர் மகேந்திரவர்மரும். புலிகேசி படையெடுத்து வந்தார். முடிவு என்ன? கர்நாடகத்தில் உள்ள ஐஹொளேக்குப் போனால், 634-ஐ ஒட்டி ரவிகீர்த்தி என்ற புலவர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் மங்கிப்போய், பல்லவ மன்னர் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்கிறது அது. காரைக்கால் அருகே கிடைத்த பல்லவர்களின் காசக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். மகேந்திரர் புள்ளலூரில் முக்கியமான எதிரிகளை அழித்தார் என்று இருக்கிறது. எந்த எதிரி என்று பெயர் மட்டும் இல்லை!

புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்து ஊர்தான். இதே ஊரில்தான் 1780-ல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயப் படையைத் துவம்சம் செய்தது. பாவம், அந்த ஊருக்கு ஹெவிவெயிட்கள் மோதிக்கொள்வதற்கென்றே நேர்ந்துவிட்ட ராசி போலிருக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. அப்பா விட்ட இடத்தில் மகன் வந்தார். முதலாம் நரசிம்மவர்மர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள மணிமங்கலம் உள்ளிட்ட இடங்களில் புலிகேசியை முறியடித்து, 642 வாக்கில் வாதாபியையே பிடித்தார். அவருக்கு இருந்த பட்டப்பெயர்தான் 'மாமல்லன்'. மகா மல்லன். பெரிய மற்போர் வீரன் என்று அர்த்தம். மாமல்லபுரம் என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம். அது ஒரு ஹெவிவெயிட் சாம்பியனின் பட்டப்பெயர் என்பதை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

ஆனால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் இங்கேயும் சண்டை வரும். மாமல்லன் தோற்கடித்தது எந்தப் புலிகேசியை? ஹர்ஷரையே நர்மதையில் தடுத்து நிறுத்திய இளம் புலிகேசியையா? இல்லை. அதற்குள் அவர் அரியணை ஏறி முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. இளமைப் புலிகேசியும் இளமை மாமல்லனும் மோதியிருந்தால்? அதற்குக் கல்வெட்டு கிடையாது.

எந்த வயது அலி?

குத்துச்சண்டையிலும் கேள்வி இதுதான். 'அலியும் டைசனும்' என்று சொன்னால் போதாது. எந்த வயது அலி, எந்த வயது டைசன்?

டைசன் ரசிகர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அலி கடைசியாக 1981 டிசம்பரில் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். அதே பெர்பிக்கை 1986 நவம்பரில் இரண்டே ரவுண்டில் சாய்த்துத்தான் டைசன், 20 வயதில், உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அலியை 1980-ல் அடித்து நிறுத்தியவர் லேரி ஹோம்ஸ். அந்த ஹோம்ஸை 1988-ல் டைசன் நான்காவது ரவுண்டில் வீழ்த்தினார். ஆக, டைசன் பெரியவர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பெர்பிக்கிடம் தோற்றபோது அலிக்கு 40 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி. டைசனிடம் விழுந்தபோது ஹோம்ஸுக்கு 38. வயதானவர்களை வைத்து ஒரு கணக்கு, அதை இளைஞர்களுக்குப் பொருத்தி ஒரு விடை. இந்தக் கணக்குப்படி பார்த்தால், 1951-ல் ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளிய மார்சியானோ, லூயிஸைவிடப் பெரியவர் ஆகிவிடுவார். அன்று லூயிஸுக்கு 37 வயது. 12 வருடம் பட்டத்தைக் கையில் வைத்திருந்து, 25 முறை காப்பாற்றிக் களைத்தவர். ஜெயித்த மார்சியானோவே, தான் சிறுவயதிலிருந்து கொண்டாடிய நாயகனை அடித்துவிட்டோமே என்று உடைமாற்றும் அறையில் அழுதாராம்.

ஒரு தேதியைப் பாருங்கள். அலி தன் உச்சத்தில் இருந்த சண்டை எது என்று கேட்டால், பெரும்பாலோர் 1966 நவம்பர் 14-ஐச் சொல்வார்கள். ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த இரவு. அன்றைக்கு மைக் டைசன் பிறந்து நாலரை மாதம்தான் ஆகியிருந்தது!

அடுத்தது எடை. மார்சியானோ சண்டை போட்டது சுமார் 85 கிலோவில். ஜோ லூயிஸ் தன் உச்சத்தில் 90 கிலோ. இன்றைய விதிப்படி 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட். அதாவது, இந்த இரண்டு மகாமல்லர்களும் இன்று வந்தால் குரூஸர்வெயிட் வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவார்கள். டைசன் ஃப்யூரியோ 206 சென்டிமீட்டர் உயரம். எடை 120 கிலோவைச் சுற்றி. மார்சியானோ அவருடைய நெஞ்சில்தான் குத்த முடியும்.

'அப்படியானால் இந்தக் காலத்துப் பெரிய உடம்புக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள்' என்று பேரன் முடிவுகட்டிவிட வேண்டாம். 2024 மே மாதம் ரியாத்தில் அதே ஃப்யூரியை ஜெயித்தவர் உக்ரைனின் உசிக். உயரம் 191 சென்டிமீட்டர், ஃப்யூரியைவிட ஏறக்குறைய 20 கிலோ குறைவு. டிசம்பரில் மறுபடி மோதினார்கள், மறுபடியும் உசிக்தான். அவர் குரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்தவர். நல்ல காலாட்டம், ஒரு நொடி நிற்காத தலை. அலியின் உயரமும் இதே 191 தான். 1966-ல் எடை 96 கிலோ. இந்த நூற்றாண்டில் அலி எடுபடுவாரா என்ற கேள்விக்கு, உசிக்கின் கால்கள் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டன.

ரவுண்டுகளின் எண்ணிக்கையும் சும்மா இல்லை. 1915-ல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த சண்டை 45 ரவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. 26-வது ரவுண்டில்தான் விழுந்தார். அலி காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982-ல் கொரிய வீரர் கிம் டுக் கூ 14-வது ரவுண்டில் அடிபட்டு இறந்த பிறகு, படிப்படியாக 12 ஆனது. டைசனின் பலம் முதல் நாலு ரவுண்டில். அலியின் பலம் எதிராளி களைத்த பிறகு. விதிமுறை யார் காலத்தையது என்று சொல்லாமல் பந்தயம் கட்டுவது, பட்டு விலை தெரியாமல் புடவைக்கு முன்பணம் வாங்குவது மாதிரி.

1980 என்ற வருடம்

தமிழ்நாட்டுக்கு அலி வந்தது 1980-ல். அந்த ஜனவரியில் இந்தியா வந்தவர், டெல்லியில் 27-ம் தேதி ஒரு கண்காட்சிச் சண்டை ஆடினார். எதிரில் நின்றவர் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங். நான்கு ரவுண்டு. அமெச்சூர் வீரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய கற்பனைச் சண்டை இருக்க முடியுமா? கவுர் சிங்குக்கு அது நிஜமாகவே நடந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் கிடைத்தன. வயதான காலத்தில் இதய சிகிச்சைக்குக் கடன் வாங்க வேண்டியிருந்ததும் அவர் கதையில் உண்டு. 2023-ல் காலமானார்.

சென்னைக்கும் வந்தார் அலி. நேரு ஸ்டேடியத்தில் தன் பால்ய நண்பரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் படத்தை இன்றும் வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்று அலியைப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது சிரிப்பு, கேலி, நடனம்.

அதே வருடம் ஜூலையில், ஹோம்ஸுடனான சண்டைக்கு முன்பு, அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் குறி லேசாகத் தப்பியது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் எதிர்பார்த்த லாகவம் இல்லை. பேச்சுக்கான தசைகள் ஒருங்கிணைவதில் சிரமம். பட்டாம்பூச்சி என்று உலகம் கொண்டாடிய கால்கள் அவை! இருந்தும் உரிமம் கொடுத்தார்கள். அக்டோபர் 2 அன்று, ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளியாக இருந்த ஹோம்ஸ், பத்து ரவுண்டு அவரை அடித்தார். போதும் என்று நிறுத்தியது பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. 1984-ல் பார்கின்சன் நோய் என்று தெரியவந்தது.

'எந்த அலி?' என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வியாக மட்டும் இல்லாமல் போவது இங்கேதான். 1967 முதல் 1970 வரை, 25 வயதிலிருந்து 28 வரை, அலி வளையத்துக்குள்ளேயே வரவில்லை. ஆடாத அந்த மூன்றரை வருட அலிதான் எல்லோரையும்விடச் சிறந்தவரா? கால்கள் இருந்தபோது தடை. கால்கள் போன பிறகு கையில் உரிமம்.

நடந்திருக்க வேண்டியவை

இன்னொரு வகைச் சண்டையும் உண்டு. காலம் வேறு என்பதால் நடக்காதவை அல்ல. ஒரே காலத்தில், ஒரே நாட்டில் இருந்தும் நடக்காதவை. ஜான் எல். சல்லிவன் பீட்டர் ஜாக்சனுடன் மோத மறுத்தார். ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை சாம்பியன். அதே காலத்தில் ஹாரி வில்ஸ் வரிசையில் காத்துக்கொண்டே இருந்தார். ஒப்பந்தம்வரை போயும் சண்டை நடக்கவில்லை. ஜாக்சனும் வில்ஸும் கறுப்பர்கள் என்பதுதான் காரணம். ஜான்சன் 1915-ல் தோற்ற பிறகு, அடுத்த கறுப்பின வீரர் ஒருவர் பட்டத்துக்காக மோத 22 வருடங்கள் ஆயின. அவர்தான் ஜோ லூயிஸ், 1937-ல். டெம்ப்ஸியா வில்ஸா என்று இன்று எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும், வில்ஸுக்குக் கிடைக்க வேண்டிய பெல்ட் கிடைத்துவிடாது.

நம் வடசென்னையில் கதை வேறு மாதிரி. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பிரிந்து மோதிய 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை'. அங்கே ஃபிலிம் கிடையாது, யூடியூப் கிடையாது. ஆளுக்கு ஆள் வாய்வழியாகத்தான் சாம்பியன்கள் வாழ்கிறார்கள். 2021-ல் பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான், ராயபுரத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கே இந்தப் பெயர்கள் தெரிந்தன. தாத்தா சொன்னதுதான் ஆவணம். அதில் அவருடைய பரம்பரை ஆள் எப்போதும் ஒரு குத்து அதிகமாகத்தான் போட்டிருப்பார், ஐஹொளேப் புலவர் மாதிரி!

சரி, அலியா டைசனா? 1966 நவம்பர் அலி, 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்த டைசன். 15 ரவுண்டு. முதல் நாலு ரவுண்டு அலிக்குக் கண்டம்தான். டைசனைப்போலக் குனிந்து உள்ளே வந்து இடதுகையை வீசிய ஜோ ஃப்ரேஸியர், 1971-ல் அலியைத் தரையில் உட்கார வைத்தவர். ஆனால், அது மூன்றரை வருட இடைவெளிக்குப் பிறகு வந்த அலி. 1966-ன் அலியை மூலையில் மடக்குவது சுலபமில்லை. கைநீளமும் டைசனைவிட அலிக்கு நன்றாகவே அதிகம். ஆறாவது ரவுண்டு தாண்டிவிட்டால், டைசனின் கோபம் அவருக்கே எதிரி. 11-வது ரவுண்டு வாக்கில் நடுவர் நிறுத்துவார். அலி. அந்த இருவரும் ஒருமுறை ஒரே டி.வி. நிகழ்ச்சியில் சேர்ந்து உட்கார்ந்தபோது இந்தக் கேள்வி வந்தது. டைசனின் குத்து மேலே பட்டால் தூங்கிவிடுவேன் என்று அலி தலையைச் சாய்த்துக் காட்டினார். இவர் முன்னால் எந்தத் தலையும் குனியத்தான் வேண்டும் என்று டைசன் அலியைக் காட்டினார்.

பேரன் இதையும் யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டான். போனைத் தாத்தாவிடம் நீட்டுகிறான். தாத்தா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் பார்க்கிறார். கரைக்கும் உடலுக்கும் நடுவே கோர்வை பாதியில் நிற்கிறது.

"சரி தாத்தா, அலியே ஜெயிக்கட்டும். டைசனும் நம்ம மாமல்லனும் மோதினா?"

தாத்தா யோசிக்கிறார்.

"கையில கிளவுஸா, வெறுங்கையா? மொதல்ல அதைச் சொல்லு."